திருவிழாத் திடலில் பேஸ் கிடார்

மாசி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. திருவப்பூர் முத்துமாரியம்மன் திருவிழா, பங்குனியில் நார்த்தாமலைத் தேர், கொன்னையூர்ப் பூச்சொரிதல் என்று தொடங்கி, சித்திரை முடியும்வரை ஏதாவது ஓர் ஊரில் மேடை போட்டிருப்பார்கள். மேடையில் இரண்டு கீபோர்டு, ஆக்டோபேட், தபேலா, பாடுகிறவர்கள் நாலைந்து பேர். பேஸ் கிடார் வைத்திருக்கும் குழு மட்டும் வரவரக் குறைகிறது. சம்பளத்தில் ஓர் ஆளை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கழற்றிவிடுவது பேஸ்காரரைத்தான். கீபோர்டுக்காரர் இடது கையால் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு.

அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. பேஸில் பாதி வேலை நோட்டை வாசிப்பது. மீதிப் பாதி அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது. வலது கையில் வயலினும் புல்லாங்குழலும் மாற்றி மாற்றி வாசிக்கும் மனிதரால் அந்த மீதிப் பாதியைக் கவனிக்க முடியாது. பேட்டின் கிக் விழும்போது கூடவே விழுந்து, அடுத்த ஸ்நேருக்கு ஒரு மயிரிழை முன்னால் பேஸ் அடங்கினால்தான் கூட்டத்தில் நிற்பவனின் கால் தானாக அசையும். அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால் தாளம் தளர்ந்துவிடும். எதனால் தளர்ந்தது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸையும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்போன் போட்டு இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள். இடைவெளிகள் எவ்வளவு யோசித்து விடப்பட்டவை என்று புரியும்.

தாழ்ந்த ஒலியை அடக்கி ஆளும் வித்தை புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் அவர் வழியில் வந்து 1936-இல் மறைந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் இந்த ஊர்க்காரர்கள். கஞ்சிரா ஒரு சாண் அளவு வாத்தியம். தோலின் உட்புறம் துளித் தண்ணீர் தடவி இழுவிசையைத் தளர்த்தினால் அதிலிருந்து அடிவயிற்றுச் சத்தம் எழும். தண்ணீர் கூடினால் சத்தம் மழுங்கும். வெக்கையில் காய்ந்தால் கீச்சென்று ஏறிவிடும். கச்சேரி நடக்க நடக்க அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதும் இதே காரியம்தான். எவ்வளவு அப்பினால் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, பிரிட்ஜ் மூடிக்குள் கம்பிகளை அழுத்தும்படி ஒரு துண்டு மெத்தையும் வைத்திருந்தார். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்த மெத்தையைக் கடைசிவரை எடுக்கவில்லை. கம்பியையும் அறுந்தாலொழிய மாற்றமாட்டார். எனக்கும் அந்த வழி பிடிக்கும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிச் செருகிப் பாருங்கள். செலவே இல்லாமல் பழைய பாட்டுகளின் பேஸ் கிடைக்கும்.

கிடாரைச் சரிபண்ணும் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பக்காரர்கள் பலர், கையில் இருக்கும் கிடார் சரியில்லை என்று இன்னொன்று வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறுகிறார்கள். பெரும்பாலும் கிடாரில் கோளாறு இருக்காது. அதைச் செட்டப் செய்யாமல் விட்டதுதான் கோளாறு. சித்திரை வெயிலில் வேனின் கூரைமேல் கட்டி அறந்தாங்கிவரை போய்த் திரும்பிய நெக், புரட்டாசியில் இருந்தபடி இருக்காது. மரம் நகரும். இடது கையால் 'ஈ' கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், வலது கையால் நெக் உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர். கார்டு தாராளமாகப் போய்வந்தால் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று இறுக்குங்கள். நுழையவே இல்லை என்றால் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். மறுநாள் காலை திரும்ப டியூன் செய்து பார்த்தபிறகு அடுத்த கால் சுற்று. கை இறுகினால், ராடு திரும்ப மறுத்தால், அங்கேயே விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அதற்குப் பிறகுதான் கம்பி உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் விரலுக்கும் சுகம், அடித்து வாசித்தாலும் ஃப்ரெட்டில் கரகரக்காது. கடைசியாக இன்டோனேஷன். 12-ஆவது ஃப்ரெட்டின்மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே இடத்தை அழுத்தி வாசிக்கும் நோட்டும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தும்போது சுருதி ஏறினால் சாடிலைப் பின்னால் இழுக்கவும், இறங்கினால் முன்னால் தள்ளவும் வேண்டும். இந்த வரிசை முக்கியம். நெக்கைச் சரிபண்ணாமல் சாடிலைத் திருகிக்கொண்டிருந்தால் ராத்திரி முழுக்கத் திருகலாம்.

மேடையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய தொந்தரவு கேபிள். சாதாரண பாசிவ் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகினால், சுமார் 10 கிலோ ஓம் மட்டுமே இருக்கும் அந்த இன்புட் பிக்கப்பை அமுக்கிவிடும். மேல் ஒலி செத்து, டொம் டொம் என்று உயிரில்லாமல் கேட்கும். மேடைக்கும் மிக்சருக்கும் நடுவே நீளக் கேபிள் ஓடினால் இன்னும் மோசம். இதற்கு மருந்து டிஐ பாக்ஸ். ஆக்டிவ் டிஐ பாக்ஸின் இன்புட் சுமார் ஒரு மெகா ஓம், பிக்கப் சிரமப்படாது. மறுமுனையில் மைக் கேபிளிலேயே எவ்வளவு தூரமும் அனுப்பலாம். ஊர்ப்பக்கச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லாரிடமும் டிஐ பாக்ஸ் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சொந்தமாக ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டாவது கிடார் வாங்கும் ஆசைக்கு முன்னால் இது.

ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் ஓடும் இடத்தில் ஒரு இரைச்சல் இருந்தே தீரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 'ஈ' கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் கிடைக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகையால் அந்த இரைச்சல் நம் நோட்டுக்கு ஒட்டிய பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது, ஈக்வலைசரில் வெட்டினால் பேஸும் சேர்ந்து போய்விடும். டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கிடார் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. பாடுகிறவரின் மைக் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயர் லைட் போடுகிறவரின் லைனிலும், மிக்சர் ஜெனரேட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் நிற்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கோரஸ் பாட மைக்கில் உதட்டை வைக்கும்போது அந்த வோல்டேஜ் நம் உடம்பு வழியாகத்தான் போகும். மேடை ஏறியதும் என் முதல் வேலை, கையில் டெஸ்டரை எடுத்து மைக்கின் வலையிலும் ஆம்ப்ளிஃபயரின் உடம்பிலும் வைத்துப் பார்ப்பது. எரிந்தால் சரிபண்ணும்வரை யாரும் எதையும் தொடுவதில்லை. மேடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுப்பதும், அந்தப் போர்டுக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்பதும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இனி ஸ்பீக்கர். 'ஈ' கம்பியைத் திறந்து வாசித்தால் 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலையின் நீளம் எட்டரை மீட்டர். நம் மேடைகள் பலவற்றின் அகலமே அவ்வளவு இராது. மேடையில் நமக்குக் கேட்பது ஒன்று, திடலின் நடுவில் கேட்பது வேறொன்று. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று பேஸ் பாக்ஸ்களைப் பிரித்து வைத்தால் நடுவில் நிற்பவர்களுக்கு நெஞ்சை இடிக்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்குக் காணாமல் போகும். நான்கையும் மேடைக்கு முன்னால் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் திடல் முழுக்க ஒரே மாதிரி பரவும். "அண்ணே, இன்னைக்கு மட்டும் சேத்து வச்சுப் பாப்போமா?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலான சவுண்ட் அண்ணன்கள் மறுப்பதில்லை. அவர்களும் நல்ல பேர் வாங்கத்தான் ராத்திரி கண் விழிக்கிறார்கள். "தம்பி, பேஸ் போதும்ப்பா, பாக்ஸ் ஆடுது" என்று அவர் சொன்னால் அதையும் கேட்க வேண்டும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டினால் பாக்ஸுக்கும் மூச்சு வரும், நமக்கும் இழப்பு ஒன்றுமில்லை.

சின்ன ஊரில் பேஸ் பாக்ஸே இராது. வெறும் டாப் மட்டும், சில இடங்களில் இன்னும் குழாய். குழாயில் 41 ஹெர்ட்ஸ் வெளியே வரவே வராது. ஆனாலும் காது அதைக் கேட்டுக்கொள்ளும். அடிப்படை ஒலி இல்லாவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலே போகும் ஒலிகளைக் கொண்டு மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே அங்கே பேஸ் திருகாணியை முழுக்கத் திருப்பிப் பயனில்லை. 400 முதல் 800 ஹெர்ட்ஸ்வரை கொஞ்சம் ஏற்றி, பிரிட்ஜ் பக்கமாக விரலை நகர்த்தி வாசித்தால் கடைசி வரிசைவரை நோட் தெரியும். கல்யாண மண்டபத்தில் இதற்கு நேர்மாறு. தரையிலும் சுவரிலும் டைல்ஸ், மேலே கான்கிரீட். 100 முதல் 200 ஹெர்ட்ஸைக் குறைத்து, நோட்டுகளைச் சுருக்கி வாசிக்க வேண்டும். மீதியை மண்டபமே நீட்டிக்கொள்ளும்.

குழு நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பேஸ் கற்றுக்கொண்டிருக்கும் பையனோ பெண்ணோ இருந்தால், வரும் பங்குனியில் ஒரு நிகழ்ச்சிக்காவது மேடை ஏற்றுங்கள். பாட்டு லிஸ்டை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். பேட் வாசிக்கிறவரோடு ஒரு மாலை உட்காரவையுங்கள். கீபோர்டுக்காரரின் இடது கை அன்று ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள்.