எட்டாம் இடம்

பனித்தளத்தில் ஆடும் சறுக்கு நடனத்துக்கும் தில்லித் தமிழனுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். பனிக்கட்டியை நாம் அறிந்தது கரும்புச்சாற்றுக் குவளையில்தான். ஆயினும் 2025 பிப்ரவரியில், சீனத்து ஹார்பின் நகரில் ஆசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது, ராமகிருஷ்ணபுரத்து எங்கள் இல்லத்தில் இரு நாட்களாக வேறு பேச்சே இல்லை.

காரணம், தாரா பிரசாத். அமெரிக்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இந்நங்கை, 2019-இல் இந்தியக் குடியுரிமை பெற்று, நம் நாட்டின் சார்பில் ஆடுகிறவர்.

மகளிர் தனிப்போட்டி இரு கட்டங்களாக நடைபெற்றது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 2 நிமிடம் 40 வினாடிக்குள் தாவல், சுழற்சி முதலிய ஏழு அங்கங்களை நிகழ்த்த வேண்டும். அடுத்தது 4 நிமிட ஆட்டம். உலகப் பட்டத்தை மும்முறை வென்ற ஜப்பானியர் கவோரி சகமோட்டோ முதலில் முந்தியிருந்தார். இறுதியில் தென்கொரியாவின் கிம் சே-யோன் தங்கத்தைத் தட்டிச் சென்றார். நாங்களோ பட்டியலில் கீழ்நோக்கிக் கண்களை ஓட்டினோம். தாராவுக்கு எட்டாம் இடம்!

"அமெரிக்காவில் பிறந்தவர் இந்தியாவுக்காக ஏனப்பா ஆடுகிறார்?" என்றாள் என் மகள். தில்லியில் பிறந்து, தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுகிறவள் அவள். "பிறந்த ஊரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, எவருக்காக ஆடுவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார்" என்றேன்.

அவள் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு கும்பகோணத்திலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தபோது, எனக்கு முன் ஓடிச் சென்று, "நம்ம தாரா அக்கா எட்டாவது, பாட்டி!" என்றாள், அதுவும் தயங்காமல்.