கை இறுக்கம்

"முள்ளிப்பட்டுல ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்காங்க, வரீங்களா?" என்று ஆரணி நண்பர் போன் செய்தார். முள்ளிப்பட்டில் எதையாவது கழட்டி மாட்டுகிறார்கள் என்றால் அது தறியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பட்டு பற்றி எழுதவென்று மூன்று நான்கு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். தெருவில் கால் வைத்ததும் வீட்டுக்கு வீடு பலகை அடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஸ்போர்ட்ஸ் காரா? மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாவு விரித்திருந்தது. தெருவின் நீளத்துக்கும் அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள். இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மினி டெம்போ காத்திருந்தது. அதன் முதுகில் ரெட் ஆக்சைடு பூசிய ஒரு காரின் பின்பாதி. தரையும் பின்சீட் குழியும் டிக்கியும் சேர்ந்த ஒரே துண்டு. வேலூரில் வெல்டிங் முடிந்து வந்திருக்கிறது. பாவைச் சுருட்டும்வரை டெம்போ டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஊர் வழக்கம் தெரிந்தவர்.

நண்பர் கூட்டிப்போன வீட்டின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்தது மிச்சக் கார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் சின்ன வயதில் எங்கள் ஊர் டாக்டர் வைத்திருந்தது. நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரரின் மகனைப் பார்த்தார்.

"சார், ஸ்பிட்ஃபயர் தெரியுமா? இதே சேசிஸ்தான். கொஞ்சம் குட்டையாக்கி மேல வேற உடம்பு வெச்சாங்க. அது ஸ்போர்ட்ஸ் கார்னா இதுவும்தான்" என்றான் பையன். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. வாரக் கடைசியில் ஊருக்கு வந்து நான்கு வருடமாக இதைக் கழட்டியிருக்கிறான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி 1959-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயரும் அவர் கை வரைந்ததுதான். அதன் சேசிஸ் ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் அந்த நிமிர்ந்த இரும்பை லோட்டஸ்காரர்கள்கூட வாங்கித் தங்கள் எலான் காருக்குப் போட்டார்கள். நம் ஊரில் 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஹெரால்டைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் ஓடிய காலம். மூன்றில் மெட்ராஸ்காரன் ஹெரால்டு ஒன்றுதான். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இந்த மாதிரித் தெருவில் அது சின்ன விஷயமில்லை.

பாகங்களெல்லாம் புடவைப் பெட்டிகளில் இருந்தன. முகூர்த்தப் பட்டு வைத்துக் கொடுக்கும் அட்டைப் பெட்டி. சுவரோரம் அடுக்கி வைத்த பெட்டிகளில் 'இடது கதவு', 'வைப்பர்', 'என்னன்னு தெரியல' என்று ஸ்கெட்ச் பேனா எழுத்து. ஒவ்வொரு போல்ட் கொத்துக்கும் நூலில் கட்டிய அடையாளச் சீட்டு, தறியில் டிசைனுக்குப் போடும் பழைய ஜக்கார்டு அட்டையைக் கிழித்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த அட்டைகளில் ஒரு காலத்தில் மயில் இருந்திருக்கலாம், அன்னம் இருந்திருக்கலாம். இப்போது 'பின் பம்பர், 4' என்று இருக்கிறது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பே உட்கார்ந்துவிட்டன. அதை நான் பார்க்கவில்லை. ஒயரிங் பற்றி பையன் ஒரு மணி நேரம் விளக்கினான். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

நான் பார்க்கப் போனது உடம்பை மாட்டுவதை. அதற்கு வந்திருந்தவர் வேலூர்க்காரர். எழுபதைத் தாண்டியவர். டிங்கர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் மூன்று சுத்தி, நான்கு டாலி. டாலி என்பது தகரத்துக்கு மறுபுறம் முட்டுக் கொடுக்கும் இரும்புக்கட்டி. ஒன்று குதிகால் மாதிரி, ஒன்று தேங்காய் மூடி மாதிரி. ஐம்பது அறுபது வருடத்தில் உள்ளங்கை பட்டுப் பட்டு வெள்ளியாக மின்னுகிறது.

பன்னிரண்டு வயதில் வேலூரில் ஒரு பஸ் பாடி ஷெட்டில் சேர்ந்தாராம். முதல் வருடம் முழுக்க மண்ணெண்ணெயில் நட்டு கழுவியது. இரண்டாம் வருடம் டாலி பிடித்தது. சுத்தியைக் கையில் கொடுத்தது நான்காம் வருடம். "எங்க உஸ்தாத் வெளியில நின்னு பீடி குடிச்சிக்கினு இருப்பாரு. உள்ள நான் தட்டுற சத்தத்த வெச்சே, 'டேய், தகரம் நீளுதுடா, நிறுத்து'ன்னுவாரு." தகரத்தைச் சும்மா அடித்தால் அது விரிந்துவிடும், விரிந்ததைச் சுருக்குவது பெரிய பாடு, சுடவைத்துத்தான் இழுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இப்போது மேஸ்திரிக்கு இடது காது கேட்பதில்லை. போன் வந்தால் வலது பக்கம் மாற்றிக்கொள்கிறார். தகரத்துக்கு மட்டும் காது தேவைப்படவில்லை. கை போதும்.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வந்ததும் அவர் முதலில் கேட்டது டீ இல்லை, ஒரு துண்டுப் பட்டு. வீட்டம்மா தறியடியிலிருந்து ஒட்டுத்துணி எடுத்து வந்து கொடுத்தார். அதை உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மட்கார்டு நீளத்துக்கும் ஒருமுறை மெதுவாகத் தடவினார். வெறும் கை வியர்வையில் ஒட்டும், மேடு பள்ளம் தெரியாது; பட்டு வழுக்கிக்கொண்டு போகும், கை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றார். "இங்க ஒண்ணு கீது" என்று ஓரிடத்தில் விரல் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன், வெளிச்சத்துக்கு எதிரில் சாய்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வேலூரில் நூல் துணியில் பார்ப்பாராம். முள்ளிப்பட்டு வந்தால் மட்டும் இந்த ஆடம்பரம்.

ஹெரால்டின் உடம்பு ஒரே கூடு இல்லை. துண்டு துண்டாக வந்து சேசிஸின் மேல் போல்ட்டில் உட்காருவது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரே கூடாகச் செய்யத்தான் கம்பெனி நினைத்தது. ஆனால் அப்படிப்பட்ட உடம்பை அடித்துக் கொடுக்கக்கூடிய ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழையபடி தனிச் சேசிஸ் போட்டு, உடம்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, பல பட்டறைகளில் அடித்து வாங்கிக் கோத்தார்கள். மூக்கு முழுவதும், மட்கார்டு இரண்டும் சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். நடுவில் டேஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் ஒரு துண்டு. பின்பாதி ஒரு துண்டு. கூரை தனி, அதுவும் போல்ட்தான். கடல் தாண்டி அனுப்பி வேறு நாட்டில் மாட்டவும் இது தோதாகிவிட்டது.

ஆனால் மாட்டுகிறவனுக்கு இதில் ஒரு வில்லங்கம். கதவின் கீல் நடுத்துண்டில் இருக்கிறது. பூட்டு விழும் தூண் பின்பாதியில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு துண்டு. நடுவில் ஒரு நூல் அளவு தள்ளி உட்கார்ந்தாலும் கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது.

நாங்கள் ஆறு பேர் பின்பாதியைத் தூக்கிச் சேசிஸில் வைத்தோம். பையன் அடையாளச் சீட்டைப் பார்த்துப் பார்த்து போல்ட் எடுத்துக் கொடுத்தான். நானும் உதவட்டுமே என்று ஸ்பேனரை எடுத்து ஒன்றை நன்றாக முறுக்கினேன். மேஸ்திரி என் கையைப் பிடித்துவிட்டார். "கை இறுக்கம் போதும் சார். இன்னிக்கு ஸ்பேனருக்கு வேலயே இல்ல." நான் முறுக்கியதை விரலால் திரும்பும்வரை தளர்த்திவிட்டுத்தான் அடுத்த பக்கம் போனார்.

அதன் பிறகு வந்தது அரிசி மூட்டை. காரின் எடை சக்கரத்தில் இறங்காமல் இடைவெளி பார்த்தால் பிரயோசனமில்லை, இந்தச் சேசிஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் சாதி. கூரை இல்லை, சீட் இல்லை, கண்ணாடி இல்லை. அந்த எடைக்கு என்ன செய்வது? ஆரணியில் அரிசிக்கா பஞ்சம்? 25 கிலோ சிப்பம் ஆறு வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, டிக்கியில் ஒன்று. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. சேசிஸுக்கும் உடம்புக்கும் நடுவில் ரப்பரும், அதன் மேல் மெல்லிய தகடுகளும் வைக்கிறார்கள். பேக்கிங் என்கிறார்கள். இங்கே ஒரு தகடு கூட்டினால் அங்கே கதவின் மேல்மூலை மூடுகிறது. அதைத் திறக்க இன்னொரு மூலையில் ஒன்றை எடுத்தால் கீழ்மூலை விரிகிறது. இடைவெளி அளக்க அவரிடம் அளவுகோல் கிடையாது. ஜக்கார்டு அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஒரு கத்தை வைத்திருந்தார். அது கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிக்கி வெளியே வர வேண்டும். எங்கேயோ இறுகியது. எங்கேயோ தொளதொளவென்று போனது. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினோம். நான்கு மணிக்கும் அதே கதவு.

பையன் சொன்ன ஒன்று என்னை யோசிக்க வைத்தது. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் ரோபோ வெல்டிங் வைக்கிறது. ஒரு காரின் கதவைக் கழற்றி இன்னொரு காரில் போட்டால் அப்படியே சேரும். இவன் பழைய கார் சாமான் கடைகளில் தேடி இன்னொரு ஹெரால்டின் வலது கதவை வாங்கி வந்திருந்தான். அது சேரவே இல்லை. "அது வேற வண்டியோட கதவு. அந்த வண்டிக்குன்னு ஒருத்தன் தட்டி வெச்சது" என்றார் மேஸ்திரி. தொழிற்சாலையில் செய்தது என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்தக் காரையும் ஒரு ஆள் நின்று, தகடு வைத்து, கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்துத்தான் வெளியே அனுப்பியிருக்கிறான். வண்டலூரில் பெயர் தெரியாத யாரோ. கழற்றும்போது அவன் வைத்த தகடுகள் கீழே விழுந்திருக்கின்றன. எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. பையன் தலையைச் சொறிந்தான். 'என்னன்னு தெரியல' பெட்டியில் இருந்தவை அவைதான்.

கதவைத் தாங்கிப் பிடிக்க எதிர்வீட்டு நெசவாளி ஒருவர் வந்திருந்தார். பொறுமையாக நின்றார். தறி போடுகிறவருக்கு இதெல்லாம் புதிதில்லை. குழித்தறியில் நான்கு கால் மட்டம் தப்பினால் புடவை ஒருபக்கம் இழுக்கும், ஆப்பு வைத்து வைத்துத்தான் நிறுத்த வேண்டும். "இந்த டிக்கியில எங்கப்பா நெய்ஞ்ச பொடவ எவ்ளோ போயிருக்கும் தெரியுமா? ஆரணியில ஏத்துவாங்க. இறக்குற ஊர்ல பேரு மாறிடும்" என்றார். வீட்டுக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கார் அவர் அப்பா வாங்கியது. அப்பா பட்டு முதலாளி. நூலும் சரிகையும் கொடுத்து, கூலிக்கு நெய்ய வைத்து, புடவையை விற்றவர்.

எனக்குச் சுருக்கென்றது. நெய்தவர் வீட்டில் சைக்கிள், நெய்யக் கொடுத்தவர் வீட்டில் ஹெரால்டு. இன்றும் அதேதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெய்த கையின் பெயர் புடவையில் எந்த மூலையிலும் இல்லை. பழைய கார் தரகர்களும் இப்படித்தான். கிராமத்து ஷெட்டில் கிடக்கும் வண்டியை இரும்பு விலைக்கு எடைபோட்டுத் தூக்குவார்கள். அது மெருகேறிச் சென்னைக் கண்காட்சியில் நிற்கும்போது பலகையில் உரிமையாளர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். கதவைச் சாத்த வைத்தவனுக்கு நாள் கூலி. கை இறுக்கம் என்றால் உண்மையில் இதுதான் என்று மனதுக்குள் பெரிய பிரசங்கமே ஓடியது. வீட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை. "ஆமா, அவங்கப்பா நெய்ஞ்ச காசுலதான் இது வந்துச்சு" என்று நெசவாளியைக் காட்டிச் சொன்னார். "அதனாலதான் தரகனுக்குக் கொடுக்கல." இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்துக்கு எப்படிப் பதிலாகும் என்று எனக்கு விளங்கவில்லை. நெசவாளி சிரித்தார். கதவை விடவில்லை.

ஐந்தரைக்கு மேஸ்திரி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். அட்டைக் கத்தையைக் கதவைச் சுற்றி ஒருமுறை ஓட்டினார். மேலே, பின்னால், கீழே. எங்கும் ஒரே இழுப்பு. கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளிவிட்டார். டப். கூரையில்லாத, சீட்டில்லாத, அரிசி மூட்டை ஏற்றிய கார், ஆனால் அந்தச் சத்தம் முழுக் காரின் சத்தம். பையன் இன்னொரு முறை சாத்திப் பார்த்தான். அப்புறம் நான். அப்புறம் வீட்டம்மா.

"அப்ப டைட் பண்ணிடலாமா மேஸ்திரி?" என்றான் பையன்.

மேஸ்திரி பட்டுத்துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எந்த மூலையில் எத்தனை தகடு என்று தகரத்திலேயே சாக்பீஸால் குறிக்கச் சொன்னார். நடுத்துண்டில் இடது மூன்று, வலது இரண்டு, பின்னால் ஐந்து. பையன் எழுதிவிட்டு, சாக்பீஸ் அழிந்துவிடுமே என்று அதையே ஒரு ஜக்கார்டு அட்டையிலும் எழுதினான்.

"டைட்டா? நாளைக்குக் கூரய வெச்சுப் பாக்கணும். அது இத அசைக்கும், திரும்ப இத சரி பண்ணணும். அப்புறம் மூக்கு. எல்லாம் ஒக்காந்தப்புறம் மொத்தமாக் கழட்டி பெயிண்டுக்கு அனுப்பணுமே. மாட்டுறது அதுக்கப்புறம்தான்."

அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். வண்டி மெல்ல எழுந்தது, கதவின் மேல்மூலை மறுபடி ஒட்டிக்கொண்டது. நெசவாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் ஒரு சாண் நெய்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனார்.