ஊழும் உறவும்

மனிதன் எங்கே உரியவன்? பிறந்த குடியிலா, வளர்ந்த மனையிலா? இவ்வினாவுக்கு இருவர் வாழ்வைக் காட்டி விடை தேடும் புதினம், போல் ஆண்டர்சன் ஆங்கிலத்தில் எழுதிய ‘உடைந்த வாள்’. 1954இல் வெளிவந்த இதனை ஆசிரியரே திருத்தி 1971இல் மீண்டும் வெளியிட்டார்.

ஆண்டர்சன் 1926இல் அமெரிக்காவில், ஸ்காண்டிநேவிய மரபினரான பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்தார். தாயாருடன் டென்மார்க்கில் சிறிது காலம் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூளவே அமெரிக்கா திரும்பினார். இயற்பியலில் பட்டம் பெற்ற அவர், அறிவியல் புனைகதைகளால் புகழடைந்தவர். எனினும், வைக்கிங் மக்களின் பழங்கதை மரபு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை என்பதற்கு இப்புதினமே சான்று.

டேனியர் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் கதை தொடங்குகிறது. ஓர்ம் என்னும் டேனிய வீரன், ஆங்கிலேயன் ஒருவனின் நிலத்தைக் கவர விரும்பி, அவனை வீட்டோடு எரித்துக் கொல்கிறான். சூனியம் வல்ல அவன் தாய் மட்டும் தப்பிப் பழிதீர்க்கக் காத்திருக்கிறாள். ஓர்முக்கு மகன் பிறக்கிறான். அவள் தந்த செய்தியால், எல்ஃப் என்னும் மாய இனத்தின் தலைவன் இம்ரிக் அக்குழந்தையைக் கவர்ந்து செல்கிறான். டிரோல் என்னும் பூத இனத்துப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த பிள்ளையை அவ்விடத்தில் வைத்துவிடுகிறான்.

கவரப்பட்டவன் ஸ்காஃப்லாக். மாற்றி வைக்கப்பட்டவன் வால்கார்ட். தோற்றத்தில் இருவரும் ஒருவரே போல்வர். வாழ்வில் ஒருவர் இடத்தில் மற்றவர். எல்ஃப் இனத்தார் ஸ்காஃப்லாக்கைச் சீராட்டி வளர்த்தனர். ஆனால், அவர்களால் இரும்பைத் தொட இயலாது, மனிதனால் இயலும். அவர்கள் அவனை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பயன் கருதிக் கொடுத்த இடம் உறவாகுமா? வால்கார்டோ, தன்னை மகனென்று வளர்த்த குடும்பத்தையே அழிக்கிறான். தன் பிறப்பின் உண்மையை அறிந்த பின் டிரோல்களிடம் சென்று சேர்கிறான். அங்கும் அவனுக்கு அமைதி இல்லை. ஒருவனுக்கு வளர்ப்பும் துணையாகவில்லை. மற்றவனுக்குக் குருதியும் துணையாகவில்லை.

தன் தங்கையென்று அறியாமலே ஃபிரீடாவிடம் காதல் கொள்கிறான் ஸ்காஃப்லாக். தேவர்கள் அவனுக்கு அளித்திருந்த உடைந்த வாளைச் செப்பனிடும் வழியை அறிய, இறந்தோரை எழுப்பி வினவுகின்றனர் இருவரும். வாளுக்கு வழி கிடைக்கிறது. உடன்பிறப்பென்னும் உண்மையும் வெளிப்பட்டு அவர்களைப் பிரிக்கிறது. இறுதியில் அந்த வாளாலேயே ஸ்காஃப்லாக், வால்கார்ட் இருவரும் மடிகின்றனர்.

நார்ன்கள் என்னும் விதித் தேவியரின் முடிவுக்குத் தேவர்களும் கட்டுப்பட்டவர் என்பது வடபுல மக்களின் பழைய நம்பிக்கை. தமிழர் ஊழை அவரவர் வினையின் பயனெனக் கொள்வர். இக்கதையிலோ, வினை செய்தவன் தந்தை. துன்பத்தைச் சுமந்தவர் ஏதுமறியாத பிள்ளைகள். ஆயினும், அனைத்தையும் விதியின் தலையில் ஏற்றிவிட முடியாது. நிலத்தின் மீது கொண்ட பேராசையும், பழியுணர்வும், பிள்ளையைக் கருவியாகக் கருதிய தலைவனின் சூழ்ச்சியும் சேர்ந்தே அந்த விதியை முடைந்தன.

பிள்ளைக்கு உணவும் கல்வியும் வாளும் வழங்கிவிட்டால் அவனுக்கு வீடு கிடைத்துவிடாது. அவனால் விளையும் பயனைக் கணக்கிடாது, அவனை அவனுக்காகவே ஏற்கும் ஒரு நெஞ்சம் வேண்டும். அந்த நெஞ்சம் வாய்க்காத இருவரின் கதை, பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய கதையாகும்.