வீட்டுக்கு ஒரே ஒரு முதல் பட்டதாரிதானா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகள் அலையும் சான்றிதழ்களில் ஒன்று, 'முதல் பட்டதாரி சான்றிதழ்'. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் என யாருமே பட்டம் பெறாத குடும்பத்துப் பிள்ளைக்கு வருவாய்த் துறை இதைத் தருகிறது. கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய இந்தத் திட்டம் கரைசேர்த்த குடும்பங்கள் ஏராளம்.

திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த அந்தப் பெண்ணும் அப்படிப் படித்தவர்தான். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2018-ல் பொறியியல் சேர்ந்தபோது கட்டணக் கவலை இல்லை. ஆனால், ஹாஸ்டல் செலவும் பஸ் செலவும் இருந்தன. சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்ததும் அப்பா பதறிப்போனார்: "ஃபெயிலா? அப்போ மறுபடியும் முதல்லேருந்தா பாப்பா?"

2022-ல் படிப்பை முடித்து, சென்னையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் தம்பியின் முறை. சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனவனிடம், "உங்க அக்கா பி.இ. முடிச்சிருக்காங்கல்ல தம்பி? அப்போ உனக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித இட ஒதுக்கீடு, 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆனால், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தம்பிக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார் அப்பா. அந்தக் கதவும் மூடிவிட்டது.

"நீ படிக்காம இருந்திருந்தா எனக்கு ஃபீஸ் மிச்சமாகியிருக்கும்க்கா!" என்று தம்பி விளையாட்டாகச் சொல்ல, வீடே சிரித்தது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருடம் தம்பிக்குக் கட்டணம் கட்டினார். மீதி வருடங்களுக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, கல்விக் கடனில் பொதுக்கொள்கை முதுகலைப் படிப்பில் சேர்ந்தார்.

"இன்ஜினீயரிங் முடிச்சிட்டு இது என்ன படிப்புடி?" என்று கேட்டார் அம்மா.

"கவர்மென்ட் ரூல் எப்படிப் போடணும்னு சொல்லித்தர்ற படிப்பும்மா."

"அதுக்குமா படிப்பு?"

வகுப்பில், 2021-22 கணக்கெடுப்புப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவிகிதம், இந்தியாவில் 28.4 சதவிகிதம் என்று படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் அவருடைய பட்டமும் சேர்த்தி. ஆனால், அதே பட்டம்தான் தம்பியின் சலுகைக்குக் குறுக்கே நின்றது.

விதியின் நியாயம் அவருக்குப் புரியாமல் இல்லை. ஒரு வீட்டுக்கே எல்லாம் கொடுத்தால், அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேராது. ஆனால், மூத்தவள் பட்டம் வாங்கியதால் அப்பாவின் கூலி கூடிவிடவில்லை. அம்மாவின் வேலை மாறிவிடவில்லை. இரண்டாவது பிள்ளையும் அதே படிக்காத பெற்றோருக்குப் பிறந்த முதல் தலைமுறைதான். அதனால் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் பார்த்து, இரண்டாவது பிள்ளைக்குப் பாதிச் சலுகையாவது தரலாம் என்பது அவர் வாதம். அரசுப் பள்ளியில் படித்த வருடங்களுக்கு ஏற்றபடி கட்டண உதவி தரலாம் என்பது இன்னொரு யோசனை.

இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, இப்போது சொந்தத் தாலுகாவில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கிறார். 'குடும்பத்தில் எத்தனை பட்டதாரிகள்?' என்று ஒரு கேள்வி அவர் படிவத்திலும் உண்டு. அதற்குக் கீழேயே இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார்:

'யாருடைய சம்பளத்தில் யார் படிக்கிறார்கள்?'