பாடநூலில் இல்லை!

‘சாத்திரத்தில் இல்லை’ என்று அறிவின் வாயை அடைப்போரைக் கண்டு நகைத்தவன் நான். அதே நான், காயல்பட்டினத்து வகுப்பறையிலே, ஒரு மாணவனின் விடைத்தாளில் சிவப்புக் கோடிட்டேன். இரண்டாம் உலகப் போரின் சுவடு நம் மாவட்டத்திலும் உண்டு என்று எழுதியிருந்தான். “பாடநூலில் இல்லையே!” என்றேன். “கயத்தாற்றில் நேரில் கண்டேன், ஐயா” என்றான். நம்பினேனா? இல்லை!

ஞாயிறன்று சென்றேன். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே கயத்தாறு! முட்செடிகளிடையே கிடந்தது, வெள்ளையர் போர்க்காலத்தில் அமைத்த விமான ஓடுதளம். வெடிப்புகளில் புல்; தொலைவிலே காற்றாலைகள்.

1939 செப்டம்பர் 3இல், நம் தலைவர்களைக் கேளாமலே நாட்டைப் போரில் இணைத்தார் வைசிராய் லின்லித்கோ. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கடலுக்கு அப்பால் கொழும்பிலே சப்பானியக் குண்டுகள்! போர் நமக்கு அண்டைவீடாயிற்று. சோழவரத்திலும் உளுந்தூர்ப்பேட்டையிலும்கூட ஓடுதளங்கள் எழுந்தன. விடுதலை கேட்டவனுக்குக் கயிறு தந்த மண்ணிலேயே, தன் ஆட்சியைக் காக்கத் தளம் தேடியது ஏகாதிபத்தியம்!

இத்தனையும் அந்தச் சிறுவனின் ஒரு வரியில் இருந்தது. என் சிவப்பு மை அதை அழித்தது.

திங்களன்று, வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் மதிப்பெண்ணைத் திருத்தினேன். “தவறு என்னுடையது, தம்பி” என்றேன்.

பழைய ஏட்டை மறுத்துப் புதிய ஏட்டைத் தொழுவதா பகுத்தறிவு? கண்டதை ஆய்ந்து, கண்டவனை மதிப்பதன்றோ!