எடுப்பு தெரியாத தாளம்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் எங்கள் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். மலைமேல் நரசிம்மர் சன்னிதியில் தங்கிவிட்டு, பிற்பாடு பாலாற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குச் செல்வார். அங்கே அக்கம்பக்கத்துப் பெருமாள்களும் வந்து கூடுவார்கள். நாகசுரமும் தவிலும் பல திசைகளிலிருந்து ஒலித்துக் கலக்கும் அந்த மாலையில், ஒருவர் கையில் குறிப்பேட்டோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வாத்தியம் எவ்வளவு உரக்க ஒலித்தது என்பதை மட்டும் எழுதுகிறார். எது எந்த மாத்திரையில் எடுத்தது என்பதை எழுதவில்லை. அந்த ஏட்டைக் கொண்டு மறுநாள் அந்த இசையை மீண்டும் எழுப்ப முடியுமா?

படிக ஆய்வாளனின் இக்கட்டு இதுதான். படிகத்தினுள் எக்ஸ் கதிரையோ எலக்ட்ரான் கற்றையையோ செலுத்தினால், மறுபுறம் ஒழுங்கான புள்ளிகள் விழுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. புள்ளி இருக்கும் இடம் அலையின் நீளத்தையும் திசையையும் சொல்லும். அதன் ஒளிர்வு வீச்சைச் சொல்லும். அலையின் முகடு எங்கே தொடங்குகிறது என்னும் செய்தி, அதாவது கட்டம், பதிவாகும் கணத்திலேயே தொலைந்துவிடுகிறது. எல்லா அலைகளையும் சரியான எடுப்பில் கூட்டினால்தான் அணுக்கள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்பது தெரியும்.

தொலைந்தது எவ்வளவு பெரிது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு உலகுக்குக் காட்டியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஆர். ஸ்ரீநிவாசனும். 1961இல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களது சிறு கட்டுரை, ஒரு படிகத்தின் வீச்சுகளையும் வேறொரு படிகத்தின் கட்டங்களையும் சேர்த்து வரைபடம் தீட்டியது. தோன்றிய உருவம் கட்டம் தந்த படிகத்தினுடையதாகவே இருந்தது! நாம் பாடுபட்டு அளப்பது வீச்சை. உருவத்தைத் தாங்கி நிற்பதோ அளக்க முடியாத கட்டம். ராமச்சந்திரன் என்றதும் கொலாஜனின் முப்புரியையும் 1963இல் வந்த 'ராமச்சந்திரன் வரைபட'த்தையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு இந்தச் சிறு கட்டுரைதான் அவற்றினும் உயர்ந்ததாகப் படுகிறது. (ஒருதலைப்பட்சமான தீர்ப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.)

அதற்கு முன்பே, 1956இல், தொலைந்த கட்டத்தை மீட்க ஒரு வழியையும் அவர் எஸ். ராமனுடன் சேர்ந்து வகுத்திருந்தார். இந்த ராமன் சி.வி. ராமன் அல்லர். கனமான சில அணுக்கள் எக்ஸ் கதிரைச் சற்றே முரணாகச் சிதறடிக்கும். அதனால் எதிரெதிர்ப் புள்ளிகளின் ஒளிர்வில் நுட்பமான வேறுபாடு எழும். அந்த வேறுபாட்டிலிருந்து கட்டத்தைக் கணிக்கலாம். இன்று புரதங்களின் கட்டமைப்பைக் காண உதவும் முறைகளில் இந்தக் கருத்து வேரோடியிருக்கிறது.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒரு கண்ணாடிப் புட்டி. ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் ஒரு வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தேன். (செடியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, வேலை முடியவில்லை.) ஐந்தாண்டுகள் எத்தனையோ கரைப்பான்களில் வைத்துப் பார்த்தும் பொடியாகவே படிந்தது. எக்ஸ் கதிர் ஆய்வுக்கு உப்புக்கல்லின் ஒரு முனையளவாவது படிகம் வேண்டும். வேறொரு பொருளை வைத்துப் பட்டத்தை முடித்தேன். புட்டி மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது.

எலக்ட்ரான் அப்படியல்ல. பொருளோடு அது எக்ஸ் கதிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவாக மோதும். ஆகவே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகளே போதும். நமக்குப் பொடியாகத் தெரிவது அதற்குப் பெரும்பாறை. 2013இல் ஒரு புரதத்தின் நுண்படிகங்களில் இது கைகூடியது. 2018இல் சாதாரண மருந்துப் பொடிகளிலிருந்தே மூலக்கூறுகளின் வடிவத்தை இரண்டு குழுக்கள் கண்டுகாட்டின. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆனால் கட்டப் புதிர் இங்கும் விடவில்லை. எலக்ட்ரானிடம் பயன்படும் அளவுக்கு முரண் சிதறல் இல்லையாதலால் சென்னையின் வழி அடைபட்டிருக்கிறது. எலக்ட்ரானை வில்லையால் குவித்துப் பிம்பம் எடுத்தால் கட்டம் பிம்பத்திலேயே கிடைக்கும். 1975இல் ஹெண்டர்சனும் அன்வினும் ஊதாச் சவ்வுப் புரதத்தை அப்படித்தான் கண்டார்கள். என் பொடி போன்ற கரிமப் பொருள்களோ, நுண்விவரம் தெரியும் அளவுக்குக் கற்றையைப் பாய்ச்சுவதற்குள் சிதைந்துவிடும். எஞ்சுவது கணித வழி. ஹாப்ட்மனும் கார்லேயும் 1985இல் நோபல் பரிசு பெற்றது அதற்காக. அணுக்கள் தனித்தனியே தெரியும் அளவுக்குத் துல்லியமான புள்ளிகள் கிடைத்தால், ஏறத்தாழ 1.2 ஆங்ஸ்ட்ராம் வரை எட்டினால், வீச்சுகளுக்கிடையே உள்ள உறவிலிருந்தே கட்டத்தை ஊகித்துவிடலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வலுவாக மோதுவதால் எலக்ட்ரான் ஒரே படிகத்துக்குள் பலமுறை சிதறி, ஒளிர்வுகளைக் குழப்பும். நெடுங்காலம் இதைக் குறை என்றே வைதார்கள். 2019இல் அந்தக் குழப்பத்தையே கணக்கிட்டு, ஒரு மருந்து மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்பதைக் கண்டறிந்தார்கள்.

என் அண்ணன் மகள் இத்துறையில்தான் இருக்கிறாள். தை மாதம் ஊருக்கு வந்தவள் புட்டியிலிருந்து கொஞ்சம் பொடி வாங்கிப் போனாள். சில வாரம் கழித்துத் தொலைபேசினாள்.

"புள்ளியெல்லாம் அழகா விழுது சித்தப்பா. ஆனா 1.4க்கு மேல போகல. எதுவும் பிடிபட மாட்டேங்குது."

புள்ளிகளின் படத்தையும் அனுப்பியிருந்தாள். முப்பதாண்டுகளுக்கும் மேலாக என் அலமாரியில் கிடந்த வெள்ளைப் பொடி, கோலப் புள்ளி வைத்ததுபோல வரிசையாக நின்றது. படிகமே இல்லையோ என்று ஐயுற்றிருந்த பொருள் அது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் என்னம்மா செய்யலாம்?"

"கரைப்பானை மாத்திப் பார்க்கணும். இன்னும் மெல்லிசா வந்தா எட்டும்னு தோணுது. உங்ககிட்ட மிச்சம் இருக்கா?"

இருக்கிறது. அவளுக்குக் கொடுத்தனுப்பியது ஒரு சிட்டிகைதான்.