நாற்று வளர்க்கும் கைகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை என்றால் தக்காளிச் சந்தைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தியில் அடிபடுவது சந்தைதான். அந்தத் தக்காளிச் செடியின் முதல் 25 நாளைத் தாங்கிப் பிடிக்கும் பெண்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. அவர்களைப் பார்க்கத்தான் அந்த வட்டாரத்து நாற்றுப் பண்ணை ஒன்றுக்குப் போனேன்.

வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. நிழல்வலைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, மட்கிய தென்னைநார்க் கழிவைக் குழித்தட்டுகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம். ஒரு தட்டில் 98 குழிகள். நிரப்பிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்துகிறார்கள். மேல்தட்டின் அடிப்பாகம் பட்டுக் கீழ்த்தட்டின் ஒவ்வொரு குழியிலும் அரை சென்டிமீட்டர் பள்ளம் விழுகிறது. பள்ளத்துக்கு ஒரு விதை.

தக்காளி விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 இருக்கும். அங்கிருந்தவர்களில் மூத்த அக்கா இடது உள்ளங்கையில் கொஞ்சம் விதையை வைத்துக்கொண்டு, வலது கை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே போனார். விரல் ஒரு குழியில் இருக்கும்போதே கண் அடுத்த குழியில் இருந்தது.

"ரெண்டு விழுந்தா ஒண்ணு வீண் தம்பி. வீரிய ரகம், விதை வெலை அப்படி" என்றார், கை நிற்காமல்.

ஏக்கருக்கு 10,000 நாற்று என்று வைத்துக்கொண்டாலே நூறு தட்டுக்கு மேல் ஆகிறது. அத்தனை குழிக்கும் விதை இந்த விரல்கள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

குளிர் நாடுகளில் தக்காளி விதையை வீட்டுக்குள் வைத்துச் சூடு கொடுத்து முளைக்க வைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையை வெயிலே பார்த்துக்கொள்கிறது. 25 முதல் 30 டிகிரி வரை விதைக்குத் தோதான சூடு. 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறைகிறது. அதனால் விதைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக நிழலில் அடுக்கி, ஈரம் போகாமல் பாலித்தீன் தாளால் மூடிவிடுகிறார்கள்.

மூன்று நாள் கழிந்த அடுக்கு ஒன்றின் தாளை அந்த அக்கா விலக்கினார். மேல்தட்டை மெல்லத் தூக்கிக் காட்டினார். கழுத்து வளைந்த வெள்ளை முளைகள் இரண்டு மூன்று குழிகளில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தன. "இன்னிக்கே பிரிச்சுடணும்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒரு நாள் தள்ளிப்போட்டால் இருட்டில் முளை வெளிறி, நெட்டையாக ஓடித் தலை சாய்ந்துவிடும். அப்புறம் எந்த உரம் கொடுத்தாலும் அது திடமான நாற்றாகாது. அந்த நாளைக் குறித்துச் சொல்வது அவருடைய கண்தான்.

தண்ணீர் ஊற்றுவதிலும் அதே கணக்கு. பூவாளியைச் சாய்த்தபடி நிற்காமல் நடக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் நாற்றழுகல் நோய் வந்து, தண்டு அடியில் நைந்து செடி படுத்துவிடும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நார்க்கழிவில் கலப்பது இதற்காகத்தான். வெள்ளை ஈ நுழையாமல் சுற்றிலும் 40 மெஷ் வலை கட்டி, உள்ளே போக இரட்டைக் கதவு வைத்திருக்கிறார்கள். அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸுக்கு மருந்து கிடையாது. நாற்றிலேயே தொற்றிவிட்டால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது.

முன்பெல்லாம் தோட்டத்து மூலையில் மேட்டுப்பாத்தி போட்டு, விதைத்து, வைக்கோல் பரப்பி நாற்று விட்டார்கள். இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். பாத்தியிலிருந்து பிடுங்கும்போது வேர் அறுந்து, நட்ட நாற்று சில நாள் வாடிக் கிடக்கும். குழித்தட்டு நாற்று வேரோடும் நார்க்கழிவோடும் அப்படியே கழன்று வருவதால், நட்டதும் பிடித்துக்கொள்கிறது. கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைத்து, வெயில் காட்டித்தான் அனுப்புகிறார்கள்.

விடைபெறும்போது அந்த அக்காவின் விரல்களைப் பார்த்தேன். விதையில் பூசிய பூஞ்சாணக்கொல்லியின் சாயம் நகக்கண்ணில் ரோஸ் நிறமாக ஒட்டியிருந்தது. யார் கையிலும் உறை இல்லை. "உறை போட்டா விதை விரல்ல நிக்காது" என்றார்கள். மெல்லிய உறையாகக் கிடைத்தால் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "குடுத்தா போடுவோம்" என்று பதில் வந்தது.

பண்ணை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மெல்லிய கையுறையும், சோறு உண்ணும் முன் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள். முளையின் நாளறிந்து சொல்பவருக்குத் தேர்ந்த தொழிலாளிக்குரிய கூலி கொடுங்கள். நாற்று வாங்கப் போகும் விவசாயிகளும் வேரைப் பார்ப்பதோடு நிற்காமல், இதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.